வேலியில் மஞ்சள் நூல்

கேள்வி: தென்காசிப் பக்கம் எங்கள் வீடு. முன்புறம் முப்பது அடிக்கு டுரண்டா வேலி, அதை ஒட்டி இரண்டு செம்பருத்தி, ஒரு மருதாணி. புரட்டாசியில் ஆள் வைத்து வேலியை மட்டமாக வெட்டிவிட்டோம். அதற்கு முன்பே ஒரு ஓரத்தில் மஞ்சளாக நூல் மாதிரி ஏதோ சுற்றியிருந்தது. காற்றில் வந்த பட்டநூல் என்று நினைத்து விட்டுவிட்டேன். மழை ஓய்ந்து பார்த்தால், வேகவைத்த சேமியாவை அள்ளிக் கொட்டிய மாதிரி பாதி வேலியை மூடிக் கிடக்கிறது. இலையே இல்லை. வேரைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் மண்ணுக்குள் இறங்கவில்லை. கையால் இழுத்து இழுத்துப் போட்டேன், சில நாளிலேயே மறுபடி அதே இடத்தில் முளைத்து வருகிறது. இப்போது சின்னச் சின்ன வெள்ளை மொட்டுகள் வேறு. செம்பருத்தியின் ஒரு பக்கம் இலை வெளுத்து, மொட்டு விரியாமல் உதிர்கிறது. வேலைக்கு வரும் அக்கா, தலைக்கு எண்ணெய் காய்ச்ச நல்லது என்று ஒரு கை அள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டுத் தாத்தா, இது படர்ந்த வீட்டில் பணம் தங்கும், பிடுங்காதே என்கிறார். உப்புத் தண்ணீர் தெளித்தால் கருகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இது என்ன செடி? எங்கிருந்து வந்தது? மாடியில் தொட்டியில் தக்காளி, கத்தரி, துளசி வைத்திருக்கிறேன், அதற்கும் தாவுமா? வேலியையே எடுத்துவிட வேண்டியதுதானா?

பதில்: முதலில் ஒரு வேலை. இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு பழைய சாக்கை எடுத்துக்கொண்டு போய், மொட்டு வந்த கொடிகளை மட்டுமாவது வெட்டி உள்ளே போட்டுக் கட்டிவிடுங்கள். மற்றதை நாளைக்குச் செய்யலாம். மொட்டு காத்திருக்காது.

உங்கள் வேலியில் இருப்பது அம்மையார் கூந்தல். சடதாரி என்றும் சொல்வார்கள். முழு ஒட்டுண்ணிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பாடத்தில் கஸ்குட்டா என்று படித்திருப்பீர்கள், அதுதான் இது. பூஞ்சையோ பாசியோ அல்ல. பூத்துக் காய்த்து விதை விடுகிற செடி. சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் சேர்ந்த குடும்பத்தில்தான் தாவரவியலாளர்கள் இதையும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பேரினத்தில் உலகம் முழுக்க ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு. நம் பக்கத்தில் பொதுவாகக் கண்ணில் படுபவை இரண்டு வகை. ஒன்று தடித்தது, மஞ்சளில் லேசாகப் பச்சை கலந்த நிறம், புதர்களிலும் மரங்களிலும் ஏறும். இது நம் நாட்டுக் களைதான். இன்னொன்று தையல் நூல் அளவே பருமன் உள்ளது, வயலில் பயறு, குதிரை மசால், வெங்காயம் போன்றவற்றில் படரும். அதில் ஓர் இனம் வட அமெரிக்காவிலிருந்து தீவன விதைகளோடு உலகம் சுற்றியது. டுரண்டாவிலும் செம்பருத்தியிலும் சேமியாப் பருமனில் கிடக்கிறது என்கிறீர்கள். எனவே உங்களுடையது தடித்த இனமாகத்தான் இருக்க வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. கொடி ஒரு குச்சியை நெருக்கமாகச் சுற்றியிருக்கும் இடத்தில் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். குச்சியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் வரிசையாகச் சிறு புடைப்புகள் தெரியும். அவைதான் உறிஞ்சு வேர்கள். பட்டையைத் துளைத்து உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாயிலும் உணவு இறங்கும் குழாயிலும் ஒரே நேரத்தில் வாய் வைத்துவிடும். மண்ணில் வேர் தேடிக் களைத்தீர்களே, அது ஒரு காலத்தில் இருந்திருக்கும். விதை முளைத்தபோது ஒரு சின்ன வேர்முனை வந்து, கொடி உங்கள் செடியைப் பிடித்ததும் அது காய்ந்து போயிருக்கும். அதற்குப் பிறகு மண்ணோடு அதற்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது கொத்தான். அதுவும் இலையில்லாமல் சுற்றும், அதுவும் ஒட்டுண்ணி. ஆனால் அது லவங்கப்பட்டையின் குடும்பம். கம்பி மாதிரி விறைப்பாக, பச்சையாக இருக்கும், கசக்கினால் மெல்லிய வாசனை வரும், உருண்டையான சதைக்காய் காய்க்கும். கடலோர மணல்காடுகளில்தான் அதிகம், தென்காசியில் உங்கள் வேலிக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு. புல்லுருவியை யாரும் இதோடு குழப்ப மாட்டார்கள். அதற்குப் பச்சை இலை உண்டு, தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும், மரத்திடம் தண்ணீரும் உப்புகளும்தான் வாங்கும். அம்மையார் கூந்தலுக்கு அந்த அளவு கௌரவம்கூடக் கிடையாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்ட ஒரு விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் வேலியை மட்டமாக வெட்டினீர்கள். அப்போது ஒரு ஓரத்தில்தான் மஞ்சள் நூல் இருந்தது. மழை முடிந்ததும் பாதி வேலி போய்விட்டது. நடுவில் நடந்தது இதுதான்: பெரிய கத்தரியால் வெட்டும்போது கொடி சிறு சிறு துண்டுகளாக நறுங்கி, வேலியின் தலைமேல் நெடுகச் சிதறியிருக்கிறது. விரல் நீளத் துண்டு ஒன்று ஈரமான இலைகளுக்கு நடுவே விழுந்தால் போதும், பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய டுரண்டா புதிதாகத் தளிர் விட்ட நேரம், கூடவே ஐப்பசி மழை. இதைவிட நல்ல வரவேற்பு அதற்குக் கிடைக்காது. நகரங்களில் ஒரே தெருவில் வரிசையாக நாலைந்து வீட்டு வேலிகளில் இது தொற்றியிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் எல்லா வேலிக்கும் ஒரே ஆள், ஒரே கத்தரி. அவர்மேல் குற்றம் இல்லை, அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் துண்டோ முதல் விதையோ எப்படி வந்தது என்பதற்குப் பல வழிகள் உண்டு. நாற்றுப் பண்ணையில் வாங்கிய செடியின் தொட்டி மண், சாலையோர வேலியிலிருந்து விளையாட்டாகப் பிடுங்கி வந்த கொடி எல்லாம் இதில் அடங்கும். நான் அதிகம் சந்தேகப்படுவது எருவை. இந்த விதையின் தோல் கல் மாதிரி கெட்டி. ஆடு மாடு தின்று சாணத்தில் வெளியே வந்தாலும் உயிர் போகாது. நன்றாக மட்காத எருவை வேலியோரம் கொட்டினால் விதையையும் சேர்த்துக் கொட்டியதாகத்தான் அர்த்தம். குதிரை மசால் விதை வியாபாரத்தில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் மெல்லிய வகையின் விதையும் மசால் விதையும் ஏறக்குறைய ஒரே அளவு, சல்லடையில் பிரியாது. இதற்கு வெளிநாட்டு விதை ஆலைகளில் ஒரு தந்திரம் செய்வார்கள். மசால் விதை வழவழப்பு, இதன் விதை சொரசொரப்பு. எல்லாவற்றையும் இரும்புத் தூளோடு கலந்தால் சொரசொரப்பான விதையில் மட்டும் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தத்தை வைத்து இழுத்துவிடுவார்கள்.

சரி, எடுப்பது எப்படி?

இழுக்காதீர்கள். இழுத்தால் கொடி அறுந்து வரும், உறிஞ்சு வேர் உங்கள் செடிக்குள்ளேயே தங்கிவிடும். அந்த மிச்சத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். நீங்கள் இழுத்த இடத்திலேயே திரும்ப வந்ததற்கு அதுதான் காரணம். எனவே கொடியை எடுப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, கொடி பிடித்த கிளையை எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி கடைசியாகச் சுற்றியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே வெட்ட வேண்டும். அரை அங்குலம் கீழே வெட்டினாலே உறிஞ்சு வேர் வந்துவிடும் என்பது கணக்கு. நான் நான்கு விரற்கடை என்றே சொல்வேன். கண்ணுக்குத் தப்பிய ஒரு சுற்றாவது அதற்குள் இருக்கும். அதோடு ஒரு கணுவுக்கு மேலாக வெட்ட இடம் கிடைக்கும்.

பெரிய வேலிக் கத்தரி வேண்டாம். கையடக்கமான கவாத்துக் கத்தரி போதும். வெட்டும் முன் கீழே பழைய போர்வையோ தார்ப்பாயோ விரித்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளையை உதறாமல், இழுத்துக்கொண்டு நடக்காமல், அங்கேயே சாக்கில் திணியுங்கள். மழை இல்லாத நாளில், இலைகள் காய்ந்திருக்கும்போது செய்வது நல்லது. ஈரத்தில் விழும் துண்டு பிழைக்கும், வெயிலில் சிமெண்ட் தரையில் விழுவது சுருண்டுவிடும். தொற்றிய பகுதிக்குத் தள்ளி, பார்க்கச் சுத்தமாக இருக்கும் இடத்திலும் இரண்டு அடி வரை இலைகளை விலக்கிப் பாருங்கள். புதுக் கொடியின் நுனி டுரண்டாத் தண்டோடு தண்டாக உள்ளே மறைந்திருக்கும். மேலே தெரிகிற மஞ்சளைவிட உள்ளே இருப்பதுதான் அதிகம்.

டுரண்டாவை நினைத்துத் தயங்க வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் அது தழைத்து வரும். செம்பருத்தியும் அப்படித்தான். மருதாணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருபக்கம் இலை வெளுத்திருக்கும் செம்பருத்தியில் அந்தக் கிளையை அடியோடு எடுத்துவிடுங்கள். அரைகுறையாகக் கிள்ளிவிட்டு மாதக்கணக்கில் அல்லாடுவதைவிட, ஒரே நாளில் வேலியைக் குட்டையாக்கிவிடுவது மேல். கொஞ்ச நாள் வீடு மொட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

சாக்கில் கட்டியதைக் கம்போஸ்ட் குழியில் போடக் கூடாது, குப்பை வண்டியில் திறந்தபடி போடவும் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மொட்டை மாடி வெயிலில் போட்டு வையுங்கள். எல்லாம் கறுத்து நொறுங்கும் அளவுக்குக் காய்ந்தால் கொடி செத்துவிட்டது. காய் பிடித்த கொடியாக இருந்தால் அதுவும் போதாது. விதை வெயிலுக்கு அசையாது, எரித்துவிடுவதே வழி. முன்பு இழுத்துப் போட்டீர்களே, அந்தக் கொடிகளை எங்கே போட்டீர்கள் என்று எழுதவில்லை. வேலிக்கு அடியிலேயே என்றால் அங்கிருந்தும் ஏறிக்கொண்டிருக்கும், முதலில் அதைக் கூட்டி அள்ளுங்கள்.

உப்பு, வினிகர், சோப்பு என்று வீடியோக்களில் வருவது எதையும் தெளிக்காதீர்கள். கொடிக்குத் தனியாக வேர் இல்லை. செடியின் சாற்றில்தான் அதன் உயிர் ஓடுகிறது. அதைக் கருக்கும் அளவு உப்பு உங்கள் செம்பருத்தி இலையையும் கருக்கும், மண்ணில் இறங்கி வேரையும் கெடுக்கும். செடிக்குள் இருக்கும் உறிஞ்சு வேரை மட்டும் தொடாது. வேப்பெண்ணெய் பூச்சிக்கு, இதற்கு அல்ல. களைக்கொல்லிக் கடையில் கிளைஃபோசேட் சொல்வார்கள். அது கொடியோடு வேலியையும் சேர்த்துக் கொல்லும். தவிர, 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, பூச்சி ஒழிப்பு வேலைக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்தலாம், நாமாக வாங்கி அடிக்கக் கூடாது. முப்பது அடி வேலிக்குக் கத்தரியும் பொறுமையும் போதும்.

மொட்டைப் பற்றி ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்றால், ஒவ்வொரு பூவும் ஒரு காய், ஒரு காயில் நான்கு விதை வரை இருக்கும். உங்கள் பாதி வேலியில் பூக்கள் ஆயிரக்கணக்கில். எல்லா விதையும் ஒரே பருவத்தில் முளைத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. தோல் கெட்டியாக இருப்பதால் இந்த ஆண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம் என்று பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் கிடந்து முளைக்கும். இன்று கொடியை ஒழிப்பது ஒரு நாள் வேலை. விதை விழுந்துவிட்டால் அது அடுத்த தலைமுறை வரைக்குமான வேலை. வயலில் இது பயிர் பூக்கும்போதே பூப்பதை விவசாயிகள் கவனித்திருப்பார்கள். சீனாவில் குன்மிங் தாவரவியல் நிறுவனத்தினர் 2020-இல் இதன் உறவினம் ஒன்றை ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார்கள்: பூக்கச் சொல்லி, கொடி ஏறிய செடி தன் உடலுக்குள் அனுப்பும் புரதச் செய்தியையே கொடி உறிஞ்சிக்கொண்டு தானும் பூக்கிறது. எப்போது பூப்பது என்று முடிவு செய்யும் வேலையைக்கூட அது செடியிடமே விட்டுவிட்டது.

ஏற்கெனவே சில விதைகள் விழுந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வேலியடியைக் கொத்திக் கிளற வேண்டாம். மேலாக இருக்கும் விதைதான் முளைக்கும். ஆழத்தில் கிடப்பது தூங்கும், நீங்கள் கிளறினால் எழுந்து மேலே வரும். களை எடுத்துவிட்டு, தென்னை ஓலை, சருகு என்று கிடைப்பதைக் கொண்டு கெட்டியாக மூடாக்குப் போடுங்கள். சோளக்காட்டுச் சுடுமல்லி என்ற இன்னொரு ஒட்டுண்ணி, பயிரின் வேர்வாசம் பட்டால்தான் முளைக்கும். இது அப்படி அல்ல, ஈரம் கிடைத்தால் தானாகவே முளைத்துவிடும். அதுதான் அதன் பலவீனமும். முளைத்த நூலுக்கு விதைக்குள் இருந்த சோறு மட்டுமே கையிருப்பு. சில நாட்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வாரங்களில், ஒரு செடியைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். எனவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். மஞ்சள் மயிர் போல ஒன்று மண்ணிலிருந்து எழுந்து தலையைச் சுற்றிக்கொண்டிருந்தால், செடியைத் தொடுமுன் கிள்ளி எறிவது மிகச் சுலபம்.

தலையைச் சுற்றுவது வீணுக்கு அல்ல. 2006-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெல்லிய வகையின் நாற்றுகளை வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் தக்காளி இருந்தால் அதன் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்தது. தக்காளிச் செடியே இல்லாமல் அதன் வாசனையை மட்டும் வைத்தபோதும் அந்தப் பக்கமே போனது. ஒரு பக்கம் தக்காளி, மறுபக்கம் கோதுமை என்று வைத்தால் பெரும்பாலும் தக்காளியைத் தேர்ந்தது. கோதுமையின் வாசனைப் பொருட்களில் ஒன்று அதை விலகிப் போகவே வைத்தது.

இதைப் படித்ததும் மாடித் தக்காளியை நினைத்துப் பதறாதீர்கள். உங்கள் வேலியில் இருக்கும் தடித்த இனத்துக்குத் தக்காளி சரிப்படாது. அது சுற்றி உறிஞ்சு வேரை ஊன்றப் பார்க்கும் இடத்தில் தக்காளித் தண்டு அந்தத் திசுக்களையே சாகவிட்டுக் கெட்டிப்படுத்திவிடும், கொடி உள்ளே போக முடியாமல் காய்ந்துபோகும். ஒட்டுண்ணி வந்திருப்பதைத் தக்காளி எந்த உணரியால் கண்டுகொள்கிறது என்பதை ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். கத்தரிக்கும் துளசிக்கும் அந்தப் பாதுகாப்பு இருப்பதாக நம்பி உட்கார வேண்டாம். மாடிக்குத் தானாக ஏறி வராது, உங்கள் கையோடும் எருவோடும்தான் வரும். வேலியை வெட்டிய கத்தரியைத் துடைத்து, ஸ்பிரிட் தடவிய பிறகே மாடிக்குக் கொண்டு போங்கள். துணியில் ஒட்டிய துண்டுகளையும் உதறிவிட்டுப் போங்கள். ஸ்பிரிட் எதற்கென்றால், இந்தக் கொடி நோயையும் கடத்தும். ஒரே கொடி இரண்டு செடிகளில் வாய் வைத்தால் ஒன்றின் சாறு இன்னொன்றுக்குப் பாலம் போட்டுப் போகும். சிற்றிலை நோய் போன்றவற்றை ஆராய்பவர்கள், நோயுற்ற செடியிலிருந்து நித்தியகல்யாணிக்கு அந்தக் கிருமியை மாற்ற வேண்டுமென்றே இந்தக் கொடியைப் படரவிடுவது வழக்கம். மொட்டு உதிரும் உங்கள் செம்பருத்தியில், கொடியை எடுத்த பிறகும் இலைகள் சிறுத்துக் கொத்துக் கொத்தாக வந்தால் அந்தச் செடியை வைத்திருக்க வேண்டாம்.

வேலைக்கு வரும் அக்காவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மீதியான கொடியை வீட்டுப் பக்கம் எந்தச் செடியின் மேலும் எறிய வேண்டாம். மருந்துக்கு என்று இதை எடுப்பது பழைய வழக்கம்தான். ஆனால் இந்தக் கொடி தான் ஏறிய செடியின் சாற்றில் உள்ளதையெல்லாம், நஞ்சாக இருந்தாலும் சேர்த்தே, உறிஞ்சிக்கொள்ளக் கூடியது. அரளி மேல் படர்ந்ததும் செம்பருத்தி மேல் படர்ந்ததும் ஒன்றல்ல. டுரண்டாவின் காயே நஞ்சு. அந்த வேலியில் பிடுங்கியதைத் தலைக்கும் வைக்க வேண்டாம், வாய்க்கும் வைக்க வேண்டாம். எதிர்வீட்டுத் தாத்தாவிடம், பணம் தங்கட்டும் என்று ஒரு துண்டை அவர் வேலியில் போட்டுத் தரலாமா என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கும். கேட்டுவிடாதீர்கள். அவர் சரி என்றால் அடுத்த மழையில் திரும்ப உங்களுக்கே வரும்.

வேலியை முழுவதும் எடுக்க வேண்டுமா என்பது, கொடி காய் விடுவதற்குள் நீங்கள் முந்திக்கொள்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. இப்போது மொட்டுதான் என்றால் எடுக்க வேண்டியதில்லை. குட்டையாக வெட்டுங்கள், அடுத்த ஆனி ஆடி வரை கவனியுங்கள், போதும். காய் முற்றி உதிர்ந்திருப்பதைக் கண்டால், மிகவும் மோசமான பத்து பதினைந்து அடியை மட்டும் வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பல ஆண்டுகளுக்கு எலுமிச்சைப் புல்லோ வெட்டிவேரோ நட்டு வையுங்கள். புல் இனங்களை இந்தக் கொடியால் பிடித்து வாழ முடிவதில்லை. முளைக்கும் விதைகள் அங்கே பிடிக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகச் சாகும், உங்களுக்கும் கசாயத்துக்கு இலை கிடைக்கும். டுரண்டாவை மறுபடி நடும்போது, வெட்ட வருகிறவரிடம் கத்தரியைத் துடைக்க ஒரு துணியையும் கொடுத்துவிடுங்கள்.